படித்தவர்கள்கூட குமரிக்கண்டத்தை ஏன் விடாப்பிடியாக நம்புகிறார்கள்?

கேள்வியில் "படித்தவர்கள்கூட" என்று இருக்கிறது. தமிழர்கள் வாழ்ந்த ஒரு பெருங்கண்டம் குமரிக்குத் தெற்கே கடலில் மூழ்கியது என்ற இந்த நம்பிக்கை, படித்தால் தானாகக் கழன்றுவிடும் என்று எதிர்பார்ப்பதில்தான் சிக்கலே. அமெரிக்காவில் டான் கஹானும் அவருடைய குழுவினரும் 2012இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பருவநிலை மாற்றம் ஆபத்தா இல்லையா என்பதில் மக்களுக்குள் இருந்த பிளவு, அறிவியலும் கணக்கும் நன்றாகத் தெரிந்தவர்களிடம் குறையவில்லை, கூடியிருந்தது. தன் கூட்டத்தின் பக்கம் நின்று வாதாட அறிவும் ஒரு ஆயுதமாகிவிடுகிறது.

குமரிக்கண்டத்துக்கு வருவோம். மடகாஸ்கரில் வாழும் லெமூர் என்ற விலங்குக்கும் நம்மூர் தேவாங்குக்கும் உறவு உண்டு, ஆனால் நடுவில் பெருங்கடல். இதை விளக்கத்தான் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1864இல் மூழ்கிய கண்டம் ஒன்றை ஊகித்து, லெமூரியா என்று பெயர் வைத்தார். அன்றைக்கு அது நியாயமான ஊகம்தான். கண்டங்கள் நகர்கின்றன என்று வெக்னர் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் சொன்னது 1912இல், அறிவியல் உலகம் அதை ஏற்றது 1960களில். அதன்பின் லெமூரியாவுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்தவைதான், ஆனால் பிரிந்து சுமார் 9 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம் மனித இனத்துக்கோ வயது ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகள்.

அதற்குள் இங்கே அந்த ஊகம் வேர்விட்டிருந்தது. பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அதற்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரை 49 நாடுகள் அழிந்ததாகக் கணக்கே தருகிறது. இறையனார் களவியல் உரையில் கடல் கொண்ட தென்மதுரையும் கபாடபுரமும் வருகின்றன. இவற்றில் ஆறு உண்டு, மலை உண்டு, நாடு உண்டு. ஆஸ்திரேலியா வரை நீளும் கண்டம் எதிலும் இல்லை. அது ஸ்கிளேட்டர் வழி வந்தது. தமிழின் தொன்மையைப் பலரும் மதிக்காத காலத்தில், வெள்ளைக்கார விஞ்ஞானியே நம் புலவர்கள் சொன்னதை உறுதி செய்வதுபோல் ஒரு செய்தி வந்தால், பிடித்துக்கொள்ளாமல் இருப்போமா? அந்த வேட்கையை நான் குறை சொல்லவே மாட்டேன்.

அப்புறம், திரும்பத் திரும்பக் கேட்டது உண்மையாகவே தோன்றும். இதை உளவியலாளர்கள் 1977லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். நமக்கோ பாடநூல், மேடைப்பேச்சு, இப்போது வாட்ஸாப். 1981 மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் அரசு செலவில் எடுத்த ஆவணப்படமே திரையிடப்பட்டது. இத்தனை பேர் சொன்னதைச் சந்தேகிக்க எவ்வளவு தெம்பு வேண்டும்!

என் பெரியப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தேற்றத்தில் ஒரு படி விட்டாலும் மதிப்பெண் தரமாட்டார். குடும்பக் குழுவில் அந்தப் பச்சை நிறக் கண்ட வரைபடத்தை அனுப்புகிறவரும் அவர்தான். ஒருமுறை கண்ட நகர்வைப் பற்றி நான் எழுதியதற்கு அவரிடமிருந்து ஒரே வரிதான் பதில் வந்தது: "நம்ம பெருமையை நீயே இறக்கிப் பேசலாமாப்பா?" நான் பேசியது பாறையைப் பற்றி, அவர் காதில் விழுந்தது பாட்டனைப் பற்றி. நிறைய வாதங்கள் முறிவது இந்த இடத்தில்தான்.

பொங்கலுக்குப் போனபோது நேரில் வேறு மாதிரி பேசினோம். "இவ்வளவு பெரிய கண்டம் எப்படி மூழ்கியிருக்கும் பெரியப்பா, படிப்படியாகச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி யோசித்தார். ஒன்று நமக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்திருப்போம், விளக்கப் போகும்போதுதான் ஓட்டை தெரியும். இதுவும் ஆய்வுகளில் பார்த்த விஷயம்தான். பிறகு, கடல் உண்மையிலேயே கொண்டதைச் சொன்னேன். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். குமரிக்குத் தெற்கேயும் நிலம் இருந்தது. பனி உருக உருக அதெல்லாம் மெல்ல மூழ்கியது. கீழடியில் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை போகும் காலக்கணிப்பு வந்திருப்பதைப் பற்றியும் பேசினோம். அதைக் கேட்க அவருக்கு அலுக்கவே இல்லை. வரைபடத்தை இன்னும் விடவில்லை, ஆனால் என்னோடு பேசுகிறார், கேள்வி கேட்கிறார். பெருமைக்கு வேறு தூண் இருக்கிறது என்று தெரிந்தால்தான் மனிதர்கள் பழைய தூணிலிருந்து கை எடுப்பார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "மொரிஷியஸ் அடியில் தொலைந்த கண்டம் கண்டுபிடிப்பு" என்ற செய்தி 2013இலும் 2017இலும் வந்தது, இன்னமும் சுற்றுகிறது. அந்தக் கண்டத் துண்டு உண்மை, செய்தியும் பொய்யில்லை. யாராவது அதை அனுப்பினால் சண்டைக்குப் போகாதீர்கள். அங்கே கிடைத்த சிர்கான் என்ற கனிமத் துகள்களின் வயதை மட்டும் சேர்த்து அனுப்புங்கள்: 300 கோடி ஆண்டுகள் வரை.