முதியோருக்கான செயலி: எழுத்தைப் பெரிதாக்கினால் போதுமா?

கேள்வி: எழுபது வயதைக் கடந்தவர்கள் பிள்ளைகளுடன் முகம் பார்த்துப் பேசுவதற்காக, டேப்லெட்டில் இயங்கும் வீடியோ அழைப்புச் செயலி ஒன்றை உருவாக்கி வருகிறோம். எழுத்துகளையும் பொத்தான்களையும் பெரிதாக்கிய பிறகும், கணினிப் பழக்கமில்லாத முதியவர்கள் அதைத் தொடத் தயங்குகிறார்கள். எதை மாற்ற வேண்டும்?

பதில்: எழுத்தைப் பெரிதாக்கியது தேவையான வேலைதான். ஆனால் இத்தகைய தயக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் கண்பார்வை அன்று. தெரியாமல் எதையாவது தொட்டுவிட்டால் பழைய திரைக்குத் திரும்ப முடியாமல் போகுமோ, கருவி கெட்டுவிடுமோ, பிள்ளைகளிடம் மறுபடியும் கேட்க நேருமோ என்ற அச்சமே அவர்களைத் தடுக்கிறது. ஆகவே முதியவர் எடுக்க வேண்டிய முடிவுகளைக் குறைப்பதிலிருந்து தொடங்குங்கள்.

நார்வேயில் 2015இல் தொடங்கப்பட்ட நோ ஐசொலேஷன் நிறுவனத்தின் 'கோம்ப்' என்ற, முதியோருக்கான வீடியோ அழைப்புக் கருவியை நீங்கள் ஆராய்ந்து பார்க்க வேண்டும். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் சாயலில் அமைந்த அதில் இருப்பது ஒரே ஒரு திருகு குமிழ். இயக்குவதற்கும் ஒலியைக் கூட்டிக் குறைப்பதற்கும் அதுவே போதும். குடும்பத்தினர் தங்கள் கைபேசியிலிருந்து படங்களை அனுப்புகிறார்கள். அழைப்பு வந்தால் சில நொடி அறிவிப்புக்குப் பின் தானாகவே இணைகிறது. சிக்கலான வேலைகள் அனைத்தும், அவற்றை எளிதாகச் செய்யக்கூடிய பிள்ளைகளின் பக்கம் நகர்ந்துவிடுகின்றன. உங்கள் செயலியிலும் கடவுச்சொல், தொடர்புப் பட்டியல், அமைப்புகள் ஆகியவற்றை அங்கேயே வைத்துவிடலாம்.

இதில் ஒன்றை நான் வலியுறுத்தியே ஆக வேண்டும். தானாக இணையும் வசதியை முதியவரின் சம்மதமின்றி இயக்கிவைக்கக் கூடாது. அவர் உடை மாற்றிக்கொண்டிருக்கலாம், பேச விருப்பமில்லாமலும் இருக்கலாம். யார் அழைக்கலாம் என்பதை அவரே தீர்மானிக்கவும், வேண்டாதபோது ஒரே செயலில் நிறுத்திவைக்கவும் வழி இருக்க வேண்டும்.

அடுத்தது தொடுதிரை. வயதாகும்போது தோல் உலர்ந்துபோவதால் விரல் பட்டதைத் திரை சில நேரம் உணர்வதில்லை. நடுங்கும் விரலோ தொட்டதை இழுத்ததாகக் காட்டிவிடும். 2012இல் ஜப்பானில் டோகோமோ என்ற கைபேசிச் சேவை நிறுவனத்துக்காக ஃபுஜிட்சு தயாரித்த 'ராகு ராகு' ஸ்மார்ட்ஃபோனில், மெல்லத் தொட்டால் எந்தப் பொத்தான் என்பது மட்டும் தெரியும். சற்று அழுத்தினால்தான் வேலை நடக்கும், அதை அதிர்வும் உணர்த்தும். அழுத்தத்தை உணரும் திரை உங்களிடம் இல்லாவிட்டாலும், இழுத்தலையும் நீண்ட தொடுதலையும் அறவே தவிர்க்கலாம். முதுமையில் உச்சச் சுருதி ஒலிகளே முதலில் கேளாமல் போகும் என்பதால், அழைப்பொலியைத் தாழ்ந்த சுருதியில் அமைத்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும்போது பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுக்காமல், கருவியைச் சில நாள்கள் அவர்கள் வீட்டிலேயே விட்டுவைத்து, எந்த இடத்தில் கை நின்றது என்று பிறகு கேளுங்கள். அதன்பின் வெளியிடும் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பொத்தான்கள் அதே இடத்தில், அதே நிறத்தில் இருக்கட்டும். சிரமப்பட்டுப் பழகிய ஒருவருக்கு இடம் மாறிய பொத்தான் முற்றிலும் புதிய கருவியாகிவிடும்.