இல்லாத நாடுகளின் பாட்டுப் போட்டி: வாசகர் கேள்வி–பதில்

கற்பனையாக நாடுகளை உருவாக்கி, ஒவ்வொன்றின் பெயரிலும் ஒரு பாட்டை இறக்கி, அவற்றுக்குள் சர்வதேசப் போட்டி நடத்துவது பற்றிச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து பல கேள்விகள் வந்திருக்கின்றன. விடுமுறைக்கு வீடு திரும்பும் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்தே ஆடக்கூடிய நல்ல விளையாட்டு இது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கானாடுகாத்தான் வாசகர்: நாங்கள் ஒன்பது பேர், ஆளுக்கு ஒரு நாடு. முதலில் பாட்டை எழுதுவதா, நாட்டை உருவாக்குவதா?

நாட்டைத்தான். பாட்டை முதலில் எழுதினால் அது உங்கள் பாட்டாகவே இருக்கும்; பிறகு எந்த நாட்டுப் பெயரை ஒட்டினாலும் ஒட்டாது. ஆனால் நாற்பது பக்க வரலாறு எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு தாள் போதும். கொடி, தேசியப் பறவை எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, என்ன மரம் வளர்கிறது, எந்த ஆட்டு மாட்டுத் தோல் கிடைக்கிறது, ஜனங்களுக்கு என்ன தொழில், இதை முதலில் எழுதுங்கள். வாத்தியங்கள் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். வீணை, மிருதங்கம், தவில் மூன்றுக்கும் பலாமரம் வேண்டும். நாகசுரத்துக்கு ஆச்சா மரம் வேண்டும், அதோடு வாயில் வைத்து ஊதும் சீவாளியும் வேண்டும். சீவாளிக்கு நாணல் வேண்டும், நாணலுக்கு ஆற்றங்கரை வேண்டும். உங்களில் ஒருவர் ‘உப்பரம்’ என்று மரமே இல்லாத உப்பளத் தீவு ஒன்றை வைத்திருந்தால், அங்கே தவில் ஒலிக்கக் கூடாது. மண் உண்டு, அதனால் கடம் உண்டு. சங்கு உண்டு. கைத்தட்டும் குரலும் உண்டு. மரம் இறக்குமதி ஆகிறது என்று சொல்லலாம்தான். அப்படியானால் எந்த நாட்டிலிருந்து என்று எழுதுங்கள். அந்த நாட்டின் தாளமும் மரத்தோடு கூடவே வந்திருக்கும். இரண்டு நாட்டுப் பாட்டுகளுக்கும் உறவு இப்படித்தான் ஏற்படுகிறது.

தேவகோட்டை வாசகி: எங்கள் மாற்று உலகத்தில் சூயஸ் கால்வாய் வெட்டப்படவே இல்லை. அதனால் வயலினும் ஆர்மோனியமும் கிடையாது என்று விதி வைத்தோம். சரிதானே?

அழகான தொடக்கம். ஆனால் விதி பொருந்தவில்லை. கால்வாய் திறந்தது 1869-ல். கர்நாடக இசைக்குள் பாலுசுவாமி தீட்சிதர் வழியாக வயலின் வந்தது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே. ஆர்மோனியத்துக்குப் பாரிசில் காப்புரிமை பதிவானது 1842-ல். இரண்டும் கால்வாய்க்கு முந்தியவை. உங்கள் உலகத்திலும் அவை இருக்கும்.

அப்படியானால் என்னதான் மாறும்? பணமும் பயணமும். கால்வாய் திறந்த பிறகு பர்மாவின் ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை பெருகியது. காடு திருத்தி வயலாக்கக் கடன் தேவைப்பட்டது. நகரத்தாரின் வட்டிக்குக் கடன் தரும் கொண்டுவிற்றுத் தொழில் பர்மாவில் அவ்வளவு பெரிதாகப் பரவியதற்கு அது முக்கியக் காரணம். வீடுகளின் தேக்குத் தூண்கள் பலவும் அந்த வழியில் வந்தவை. கால்வாய் இல்லையென்றால் பர்மா போன கணவனை எண்ணி ஏங்கும் பாட்டு இல்லை. ரங்கூன் சாமானைப் பேர் சொல்லிப் பாடும் தாலாட்டு இல்லை. அந்த ஏக்கம் வேறு எந்தத் துறைமுகத்தை நோக்கித் திரும்பியிருக்கும் என்று யோசியுங்கள், அங்கே உங்கள் பாட்டு இருக்கிறது. வயலினை நீக்கியே ஆகவேண்டும் என்றால், வரலாறு பிரியும் இடத்தை 1800-க்கு முன்னால் நகர்த்துங்கள். ஒரு மாற்றம் மட்டும் வையுங்கள். மற்றதெல்லாம் அதன் விளைவாக வரட்டும். இரண்டு மூன்று மாற்றங்களை ஒன்றாக வைத்தால் எது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது, சண்டைதான் மிஞ்சும்.

பள்ளத்தூர் வாசகர்: போன தடவை ஒன்பது பாட்டும் ஒரே சினிமா மெட்டு மாதிரி இருந்தன. எப்படிப் பிரித்துக் காட்டுவது? நேரக் கட்டுப்பாடு வேண்டுமா?

நாட்டுக்கு ஒரு ஐந்து சுரத் தொகுதியைக் குலுக்கிப் போட்டுக் கொடுங்கள். மோகனம் (ஸ ரி2 க3 ப த2), ஹிந்தோளம் (ஸ க2 ம1 த1 நி2), சுத்த சாவேரி (ஸ ரி2 ம1 ப த2), ஹம்சத்வனி (ஸ ரி2 க3 ப நி3) என்று தொடங்கலாம். எழுத்தோடு உள்ள எண், அந்தச் சுரத்தின் எந்த வகை என்பதைக் காட்டுகிறது. ராகமாகப் பாட வேண்டியதில்லை, அந்த ஐந்து சுரத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவே. ஹிந்தோளத்தில் பஞ்சமம் (ப) கிடையாது என்ற ஒன்றே அந்த நாட்டுக்குத் தனிக் குரல் கொடுத்துவிடும். இன்னும் பிரிக்க வேண்டுமென்றால் ஒரு நாட்டுக்குச் சுரத்தை அசைத்துப் பாடும் கமகமே வேண்டாம், சுரத்தில் நேராக நிற்கட்டும்; இன்னொன்றுக்கு மிச்ர சாபு தாளம், அதாவது ஏழு எண்ணிக்கை. கேட்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டே நாட்டைச் சொல்லிவிடுவார்கள்.

நேரக் கட்டுப்பாடு கட்டாயம். நாடுகளுக்கிடையே ஆண்டுதோறும் நடக்கும் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் ஒரு பாட்டுக்கு மூன்று நிமிடம்தான். நீங்களும் அதையே வையுங்கள். நிமிடத்துக்கு 96 தட்டு என்ற வேகத்தில் நான்கு தட்டு கொண்ட ஓர் ஆவர்த்தம், அதாவது ஒரு தாளச் சுற்று, இரண்டரை வினாடி. மூன்று நிமிடத்துக்கு 72 ஆவர்த்தம். முன்னிசைக்கு 4, சரணம் 16, பல்லவி 8, மறுபடி சரணம் 16, பல்லவி 8, இடையிசை 8, கடைசிப் பல்லவி 8, முடிப்பு 4. பெரும்பாலோர் தவறுவது முன்னிசையில்தான். அதை 12 ஆவர்த்தம் இழுத்தால் குரல் வரவே அரை நிமிடம் போய்விடும், பிறகு இரண்டாம் சரணத்தை வெட்ட வேண்டிவரும்.

கோட்டையூர் வாசகி: நாட்டுக்குச் சொந்த மொழி உருவாக்கிப் பாடலாமா?

பாடலாம். இலக்கணமெல்லாம் இப்போது வேண்டாம். ஐந்து உயிர், பத்துப் பன்னிரண்டு மெய், ‘எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடியாது’ என்பதுபோல ஒரு விதி, இவை போதும். பல்லவியின் நீட்டும் இடங்களில் ஆ, ஏ, ஓ வரும்படி சொற்களை அமையுங்கள். உச்ச சுரத்தில் ‘இ’ வந்தால் தொண்டை இறுகும். பொருளைத் தமிழில் நான்கு வரியாக அச்சடித்து நடுவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

காரைக்குடி வாசகர்: ஒன்பது நாடு வைத்து, 12, 10, 8, 7 என்று யூரோவிஷன் மாதிரியே மதிப்பெண் போட்டோம். எல்லா நாடும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றன. கடைசியில் சமநிலை வந்து தகராறாகிவிட்டது. எங்கே தவறு?

எண்ணிக்கையில். 1975 முதல் வழக்கத்தில் உள்ள அந்த முறையில் 12, 10, பிறகு 8 முதல் 1 வரை எனப் பத்து மதிப்பெண்கள். ஒரு நாடு தனக்கே போட முடியாது. ஆகவே பதினொரு நாடாவது இருந்தால்தான் பத்தும் செலவாகும். ஒன்பது நாட்டில் ஒவ்வொருவர் முன்னாலும் இருப்பது எட்டுப் பாட்டுதான். எட்டுக்கும் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது, பிடிக்காத பாட்டுக்கும் சேர்த்து. மதிப்பெண் கிடைக்காமல் போவதற்கு இடமிருந்தால்தான் கிடைத்ததற்கு மதிப்பு. யூரோவிஷனிலேயே நாடுகள் குறைவாக இருந்த காலத்தில் 1962-ல் 3, 2, 1 என்றும், 1963-ல் 5 முதல் 1 வரையும்தான் போட்டார்கள்.

உங்களுக்கு 6, 4, 3, 2, 1 போதும். ஒரு நாடு தருவது மொத்தம் 16. இதில் ஒரு பெரிய வசதி உண்டு: முதல் நாடு அறிவித்ததும் பலகையின் மொத்தக் கூட்டல் 16, இரண்டாவதுக்கு 32, முடிவில் 144. எந்தக் கட்டத்திலாவது கூட்டல் 16-ன் மடங்காக இல்லையென்றால், இப்போது படித்த நாட்டிலேயே பிழை இருக்கிறது. அங்கேயே நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் யாரோ ஒரே மதிப்பெண்ணை இரண்டு நாட்டுக்குப் போட்டிருப்பார்கள். பலகையில் ஒருவர் எழுத, தாளில் இன்னொருவர் தனியாக எழுதட்டும்.

சமநிலைக்கான விதியைப் போட்டிக்கு முன்பே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். 1969-ல் மாட்ரிடில் ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ் நான்கும் 18 மதிப்பெண் பெற்றன. பிரிக்க விதி இல்லாததால் நான்கையுமே வெற்றி என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. 1991-ல் ஸ்வீடனும் பிரான்சும் 146-ல் நின்றபோது விதி இருந்தது: 12-களின் எண்ணிக்கையும் சமம், 10-கள் அதிகம் பெற்ற ஸ்வீடன் வென்றது.

உங்கள் கணக்கில் இப்படிப் பாருங்கள். ‘வெண்கழி’ பெற்றது 6, 6, 6, 4, 3, 1, 1. ‘ஏலமலை’ பெற்றது 6, 6, 4, 4, 3, 2, 2. இரண்டும் 27. முதல் விதி, எத்தனை நாடுகள் மதிப்பெண் தந்தன என்பது, இருவருக்கும் ஏழு. இரண்டாவது விதி, எத்தனை ஆறு. வெண்கழிக்கு மூன்று, ஏலமலைக்கு இரண்டு. வெண்கழி வெற்றி. ஒரு பிரச்சினையும் இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள். பின்னால் பாடப்படும் பாட்டு நினைவில் புதிதாக நிற்கும். அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் பென்சிலால் குறிப்பு மதிப்பெண் போடச் சொல்லுங்கள், கடைசியில் எல்லாப் பாட்டிலிருந்தும் 15 வினாடித் துணுக்கை வரிசையாக ஒலிக்கவிடுங்கள். அடுத்தது, மதிப்பெண் தாள் தராத நாட்டின் பாட்டைப் போட்டியிலிருந்து நீக்குங்கள். கடுமையாகத் தோன்றும். ஆனால் தன் பாட்டைக் கேட்கவைத்துவிட்டு மற்றவர் பாட்டைக் கேட்காமல் எழுந்து போவது இந்த விளையாட்டையே கொன்றுவிடும்.

ஆத்தங்குடி வாசகர்: எங்கள் வீட்டு வளவில் நடத்துகிறோம். பாட்டு வரிகளே புரியவில்லை, மைக் ஊளையிடுகிறது.

கண்ணாடிபோல் தேய்த்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, இரண்டும் ஒலியைக் குடிப்பதே இல்லை, அப்படியே திருப்பி அடிக்கின்றன. வளவின் நடுமுற்றம் திறந்திருப்பதால் கொஞ்சம் மேலே போய்விடும். கெடுதல் செய்வது முற்றத்தைச் சுற்றியுள்ள நாலு பக்கப் பத்திகள், அதாவது தாழ்வாரங்கள்தான். பாடுபவர் நிற்கப்போகும் இடத்தில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ‘டர்ர்’ என்று அதிர்வு கேட்டால் எதிரெதிர் சுவர்களுக்குள் ஒலி பந்தாடுகிறது. தட்டு தனியாக இன்னொருமுறை கேட்டால் தூரச் சுவரின் எதிரொலி. வினாடிக்கு சுமார் 343 மீட்டர் போகும் ஒலி, 17 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் பட்டுத் திரும்ப பத்தில் ஒரு வினாடி எடுக்கும். தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில் அது சாதாரணம்.

பத்தியின் ஒரு பக்கச் சுவரில் சமுக்காளத்தை இரண்டாக மடித்து, சுவரோடு ஒட்டாமல் அரையடி தள்ளித் தொங்கவிடுங்கள். ஒட்டித் தொங்கினால் மேல்சுருதி இரைச்சல் மட்டும் குறையும். இடைவெளி விட்டால் குரலின் நடுப்பகுதியும் அடங்கும். தரையில் பாய் விரியுங்கள். இரண்டாங்கட்டுக்குப் போகும் கதவைத் திறந்தே வையுங்கள், ஒலி அந்த வழியாக வெளியேறட்டும். பெரிய நிலைக்கண்ணாடி இருந்தால் துணி போட்டு மூடுங்கள்.

ஊளைக்குக் காரணம் ஸ்பீக்கரின் ஒலி மறுபடி மைக்கில் நுழைவது. ஸ்பீக்கர் இரண்டும் பாடுபவருக்கு முன்னால், கேட்பவர்களைப் பார்த்து, உட்கார்ந்தவர் தலைக்கு மேல் உயரத்தில் இருக்கட்டும். மைக் வாயிலிருந்து இரண்டு விரல் தூரம். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்க விடாதீர்கள்; நாலாபக்க ஒலியும் உள்ளே போய் ஊளை கூடும். ‘ம்ம்’ என்று அடியில் ஒரு முனகல் வந்தால் மடிக்கணினியையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே பிளக் பலகையில் செருகிப் பாருங்கள், அநேகமாக நின்றுவிடும்.

பதிவுசெய்த பின்னணி இசையை எல்லா நாட்டுக்கும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவருவது முக்கியம். சத்தமாக ஒலிப்பது நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அதற்கு வசதி இருக்கிறது. எல்லாவற்றையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் ஒலியளவின் அலகு) என்று வைத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வைக்காதீர்கள். முற்றத்தில் மழை இறங்கும், மின்கம்பி தரையில் கிடக்கும். தை, மாசி நல்லது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை. ஆறு மணிக்குத் தொடங்கினால் மதிப்பெண் அறிவிப்பு வரை நிதானமாக முடிக்கலாம்.

புதுவயல் வாசகி: பாட்டெழுதத் தெரியாதவர்கள் ஏற்கெனவே உள்ள பாட்டைத் தங்கள் நாட்டுப் பாட்டாக வைக்கலாமா?

வீட்டுக்குள் கேட்டு மதிப்பெண் போடலாம், பலர் அப்படித்தான் ஆடுகிறார்கள். இணையத்தில் ஏற்றாதீர்கள். இந்தியச் சட்டப்படி வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும், ஒலிப்பதிவுக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டும் உரிமை உண்டு. அதைவிட நல்ல வழி, வீட்டு ஆச்சியிடம் ஒரு தாலாட்டைக் கேட்டு, அதன் நடையை மட்டும் எடுத்துக்கொண்டு சொந்தமாக நான்கு வரி எழுதுவது.

கண்டனூர் வாசகர்: வென்ற நாடு அடுத்த போட்டியை நடத்த மறுத்தால்?

நிஜத்திலும் நடந்திருக்கிறது. 1979-ல் வென்ற இஸ்ரேல் நடத்தவில்லை, 1980 போட்டி நெதர்லாந்தின் ஹேக் நகரில் நடந்தது. ஏழு நாளுக்குள் வென்றவர் சம்மதம் எழுதித் தரவேண்டும், இல்லையென்றால் இரண்டாம் இடத்துக்குப் போகும் என்று விதியில் சேருங்கள். மதிப்பெண் தாள்கள், கூட்டல் தாள், குலுக்கிய சுரப் பட்டியல் மூன்றையும் ஒரே உறையில் போட்டு அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.