ஆள் நடமாட்டம் குறைந்த மாட்டுப் பண்ணைப் பகுதியைப் பழைய டோப்போ ஷீட்டுகளை (நில அமைப்பைக் காட்டும் வரைபடத் தாள்களை) வைத்து எப்படிப் புரிந்துகொள்வது?

அமெரிக்காவில் ஓரிகான் மாநிலத்தின் தென்கிழக்கில் உள்ள ஸ்டீன்ஸ் மலைப் பகுதியை வைத்தே சொல்கிறேன். அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையான யூ.எஸ்.ஜி.எஸ் 1884 முதல் 2006 வரை அச்சிட்ட தாள்கள் அவர்களுடைய டோப்போவியூ தளத்தில் இலவசம். இடக்குறிப்போடு வரும் படமான ஜியோடிஃப் கோப்பாக இறக்கி கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்துகொள்ளுங்கள்.

முதலில் தாளின் ஓரக்குறிப்பு. வான்படம் எடுத்த ஆண்டு, களத்தில் சரிபார்த்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு மூன்றும் வேறு வேறாக இருக்கும். ஊதா நிறத்தில் இருப்பவை பிற்பாடு வான்படத்தைப் பார்த்துச் சேர்த்தவை, களத்தில் சரிபார்க்கப்படாதவை. ஊதா நிறப் பாதையை நம்பி வண்டியை விடாதீர்கள்.

அடுத்து நீல நிறத்தை மட்டும் பாருங்கள். வறண்ட மேய்ச்சல் நிலத்தில் தண்ணீர் யார் கையிலோ, சுற்றியுள்ள புல்லும் அவர் கையில்தான். முழு நீலக்கோடு ஆண்டு முழுக்க ஓடும் ஓடை. ஒரு கோடு, மூன்று புள்ளி என்று மாறிமாறி வந்தால் சில மாதங்கள் மட்டுமே ஓடும். வால் வைத்த சிறு வட்டம் ஊற்று. பக்கத்தில் நிரப்பிய கறுப்புக் கட்டம் வீடு. வெற்றுக் கட்டம் கொட்டகை. அரிசோனாத் தாள்களில் 'டேங்க்' என்றிருந்தால், மாடு குடிக்க மண்கரை போட்டுத் தேக்கிய குட்டை. நம் ஊர் ஆங்கிலத்திலும் ஏரி, குளத்துக்கு அதே சொல்தானே.

அந்த ஊற்று முதலில் யார் கைக்குப் போனது என்பதையும் கண்டுபிடிக்கலாம். சிவப்புக் கட்டங்கள் நில அளவைப் பிரிவுகள்: 6 மைல் சதுரமான டவுன்ஷிப்பில் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் சுமார் 640 ஏக்கர். எண் வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். டவுன்ஷிப் (வடக்கு-தெற்கு வரிசை), ரேஞ்ச் (கிழக்கு-மேற்கு வரிசை), செக்‌ஷன் எண்களை மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையான பி.எல்.எம்-இன் பழைய நிலப்பதிவுத் தளத்தில் கொடுத்தால், அரசிடமிருந்து முதலில் பட்டா வாங்கியவர் பெயரும் தேதியும் வரும்.

பிறகு சமவுயரக் கோடுகள். ஸ்டீன்ஸின் மேற்குச் சரிவில் அவை விலகி விலகி நிற்கும். கிழக்கில் ஆல்வர்ட் பாலையை நோக்கி 5,000 அடிக்கு மேல் செங்குத்தாக நெருங்கி இறங்கும். கோடையில் மந்தைகள் ஏறுவதற்கு ஏற்ற பக்கம் மேற்கே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே பெரிய மாட்டுப் பண்ணை நடத்திய பீட்டர் ஃபிரெஞ்சின் பீ ரேன்ச் அந்த அடிவாரத்தில், பிளிட்சன் ஆற்றங்கரையில் அமைந்ததன் பொருள் இந்தக் கோடுகளிலேயே தெரிகிறது.

தாளிலிருந்து அட்ச, தீர்க்க ரேகைகளைக் கையால் எடுத்து ஜி.பி.எஸ்-இல் போட்டால் இடம் சுமார் 100 மீட்டர் தள்ளிப்போகும். பெரும்பாலான தாள்கள் 1927ஆம் ஆண்டின் அடிப்படை அளவையில் (என்.ஏ.டி 27) இருப்பதே காரணம். ஓடைக்கு மறுகரையில் ஊற்றைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஓரக்குறிப்பில் அப்படி இருந்தால், ஜி.பி.எஸ் அமைப்பிலும் என்.ஏ.டி 27 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரைகளையும் நிலையானவை என்று கொள்ள வேண்டாம். ஸ்டீன்ஸுக்கு வடக்கே உள்ள மல்ஹூர் ஏரி 1980களின் வெள்ளத்தில் பக்கத்து ஹார்னி ஏரியோடு ஒன்றாகிவிட்டது. தாளில் உள்ள கரை, வான்படம் எடுத்த அந்த ஓர் ஆண்டின் கரை மட்டுமே.