படம் முந்துகிறது, குரல் பிந்துகிறது

கேள்வி: அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். பாடத்தைப் போனில் எடுத்து, வெட்டி ஒட்டி, பிள்ளைகளுக்கு அனுப்புவேன். தம்பிக்கு முன்பு பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினிதான் இருக்கிறது. 4 ஜிபி ரேம். விண்டோஸ் திணறியதால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். மூன்று எடிட்டிங் மென்பொருள் மாற்றிப் பார்த்துவிட்டேன். எதில் செய்தாலும் 20 நிமிடப் பாடத்தின் கடைசியில் வாயசைவு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். ஓட்டிப் பார்த்தால் படம் விட்டுவிட்டு வேறு ஓடுகிறது. டாவின்சி ரிசால்வ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?

- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம் டீச்சர். டாவின்சி ரிசால்வ் அருமையான மென்பொருள்தான். ஆனால் அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். உங்கள் மடிக்கணினியால் அதை இழுக்க முடியாது. அதைவிட முக்கியமாக, லினக்ஸுக்கான அதன் இலவசப் பதிப்பு எச்.264 வீடியோவைத் திறப்பதில்லை. பெரும்பாலான போன்கள் எடுப்பது அந்த வகை வீடியோதான். இலவசமாகக் கிடைத்தாலும் அது, நிரலை எல்லோரும் பார்க்கவும் மாற்றவும் விடும் திறந்த மூல மென்பொருளும் அல்ல.

மூன்று மென்பொருளிலும் ஒரே கோளாறு என்றால், முதலில் வீடியோவைத்தான் சந்தேகப்பட வேண்டும். போன் கேமரா நொடிக்கு 30 படம் என்று சொல்லிக்கொண்டாலும் அதைச் சீராக எடுப்பதில்லை. வகுப்பறையில் வெளிச்சம் குறைந்தால் எண்ணிக்கையும் குறையும். நீங்கள் கணக்கு டீச்சர், கணக்காகவே சொல்கிறேன். 20 நிமிடம் என்பது 1,200 நொடி. நொடிக்கு 30 வீதம் 36,000 படங்கள் இருக்க வேண்டும். போன் சராசரியாக 29.9 எடுத்திருந்தால் இருப்பது 35,880தான். எடிட்டர் அதை 30 என்றே எடுத்துக்கொண்டு ஓட்டினால் படம் 1,196 நொடியில் முடிந்துவிடும். குரல் மட்டும் 4 நொடி பின்னால் வரும். தொடக்கத்தில் தெரியாத வித்தியாசம், கடைசியில் பூதாகரமாகத் தெரிவது இதனால்தான்.

கல்யாண வீடியோ எடிட்டிங்கில் பல வருடம் இருந்தவன் நான். ஒரு முறை மாப்பிள்ளையின் நண்பர் போனில் எடுத்த முகூர்த்தக் காட்சியைச் சேர்க்கச் சொன்னார்கள். தவில்காரரின் கை இறங்கி, மறுபடி மேலே போன பிறகு அடி கேட்கிறது. கெட்டிமேளம் முழுக்க அப்படியே. இரவு முழுக்க ஒலியைத் துண்டு துண்டாக நகர்த்திக்கொண்டிருந்தேன். வீடியோவை முதலில் சீரான எண்ணிக்கைக்கு மாற்றிக்கொண்டு எடிட்டிங்கில் உட்கார வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அப்படி மாற்ற ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் போதும், மின்ட்டிலேயே நிறுவிக்கொள்ளலாம். அதில் வீடியோ என்ற பகுதிக்குப் போய், ஃபிரேம்ரேட்டில், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதில், 30 வைத்து, பக்கத்தில் 'கான்ஸ்டன்ட்' (மாறாதது) என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய மடிக்கணினியில் நேரம் பிடிக்கும். நாலைந்து பாடங்களை வரிசையில் போட்டுவிட்டு இரவு தூங்கப் போய்விடலாம்.

சரி, எந்த எடிட்டர்? உங்களுக்குக் கேடன்லைவ். 2002இல் தொடங்கிய திட்டம், இன்றும் தொடர்ந்து புதுப்பிக்கிறார்கள். சீரற்ற வீடியோவைக் கொடுத்தால் அதுவே கண்டுபிடித்து, மாற்றித் தரட்டுமா என்று கேட்கும். படம் விட்டுவிட்டு ஓடுவதற்கும் அதில் மருந்து இருக்கிறது. திட்ட அமைப்பில் 'புராக்ஸி' என்பதை இயக்குங்கள். பெரிய வீடியோவுக்குப் பதில் சின்ன நகல் ஒன்றை வைத்துக்கொண்டு நீங்கள் வெட்டலாம், கடைசியில் வீடியோவாக்கும்போது அசலையே எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி ரேமில் புராக்ஸி இல்லாமல் உட்காராதீர்கள். பிரவுசரையும் மூடிவிடுங்கள்.

கேடன்லைவின் திரை மிரட்டுவதுபோல் இருந்தால் ஷாட்கட்டுக்குப் போகலாம். இரண்டுக்கும் அடியில் ஓடுவது எம்எல்டி என்ற ஒரே எஞ்சின்தான். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டான் டென்னெடிதான் ஷாட்கட்டையும் எழுதுகிறார். அதிலும் புராக்ஸி உண்டு.

தலைப்பு போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். முதலில் 'கொக்கு' என்று தட்டச்சு செய்து பாருங்கள். கொம்பு முன்னால், கால் பின்னால் சரியாக விழுந்தால் அந்த எழுத்துருவில் தைரியமாக எழுதலாம். கட்டம் கட்டமாக வந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு ஃபோல்டர். வீடியோ, ஒலி, படம், கேடன்லைவ் கோப்பு எல்லாம் அதற்குள் இருக்கட்டும். கேடன்லைவ் கோப்பில் வீடியோ இருக்காது, அது எங்கே இருக்கிறது என்ற முகவரிதான் இருக்கும். அந்தக் கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனால் அங்கே எதுவும் திறக்காது.

கேள்வி: பேரனின் பரதநாட்டிய அரங்கேற்றத்தை எடுத்திருக்கிறேன். முன்னாலும் பின்னாலும் வெட்டினால் போதும். உபுண்டு லினக்ஸில் அதற்கு என்ன போடலாம்? உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் மங்கிவிடுகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

- வாசகர், திருநெல்வேலி

பதில்: வெட்டுவது மட்டும்தான் என்றால் எடிட்டரே வேண்டாம் ஐயா. லாஸ்லெஸ்கட் என்ற வெட்டும் மென்பொருள் போதும். வீடியோவைத் திரும்பக் குறியாக்காமல் அப்படியே நறுக்கித் தருவதால் நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, தெளிவும் குறையாது. வெட்டு நீங்கள் சொன்ன இடத்திலிருந்து ஓரிரு நொடி தள்ளி விழலாம். அதனால் சலங்கை ஒலி தொடங்குவதற்குச் சற்று முன்னாலேயே வெட்டுங்கள்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' என்பதைத் தொட்டு, அந்த வழியாக அனுப்புங்கள். 2 ஜிபி வரை அசல் தெளிவோடு போகும். பெறுபவர்களின் டேட்டா தீரும் என்பதால், அனுப்பும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.