குழந்தையின் கன்னத்துச் சிவப்பு மறுவுக்கு லேசர்: வைப்பை உடைக்கலாமா?

கேள்வி: ஏழு மாத மகளுக்குப் பிறந்ததிலிருந்தே கன்னத்தில் சிவப்பு மறு. 'போர்ட் வைன் ஸ்டெயின்' என்று தோல் வைத்தியர் சொன்னார். லேசருக்கு ஒரு தடவைக்கு 45,000 ரூபா கேட்கிறார்கள். 8 வீத வட்டிக்கு ஒரு வருடத்துக்குப் போட்ட 6 இலட்சம் ரூபா வைப்பு முதிர இன்னும் ஐந்து மாதம். உடைத்து ஒரேயடியாக முடித்துவிடலாமா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: உடைக்க வேண்டாம். இது ஒரேயடியாக முடிகிற சிகிச்சையும் இல்லை. மறுவின் சிவப்புக்குக் காரணமான இரத்தக் குழாய்களைக் குறிவைக்கும் பல்ஸ்ட் டை லேசரை நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை, பல தடவை அடிப்பார்கள். பலருக்கு நிறம் மங்கும். முழுதாக மறைவது குறைவு. வருடங்கள் கழித்து மறுபடி கறுக்கவும் கூடும். 'பத்துத் தடவைக்குச் சேர்த்துக் கட்டினால் கழிவு' என்றால் கட்டாதீர்கள்.

அதற்காக ஐந்து மாதம் காத்திருக்கவும் வேண்டாம். கைக்குழந்தையின் தோல் மெல்லியது, மறுவும் சின்னது. லேசர் நன்றாகப் பிடிக்கும். வைப்பின் மேல் கடன் எடுங்கள். மூன்று தடவைக்குப் போதுமான 150,000 ரூபாவை 11 வீதத்துக்கு எடுத்தால் ஐந்து மாத வட்டி 6,875. வைப்பை உடைத்தால், கழிந்த ஏழு மாதத்துக்கு 28,000க்குப் பதிலாக 2.5 வீத சேமிப்பு வட்டிப்படி 8,750தான் கிடைக்கும். போவது 19,250. வீதங்கள் வங்கிக்கு வங்கி மாறும். உங்கள் வங்கியில் கேட்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

45,000க்குள் என்னென்ன அடக்கம்? பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மரக்கவைக்கும் கிரீம் போதும். குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்தால் மயக்க வைத்தியர், தியேட்டர், கட்டில் எல்லாம் தனி பில்லாக வரலாம். எழுத்தில் வாங்குங்கள். மெஷின் 595 நானோமீற்றர் டை லேசர்தானா என்றும் கேளுங்கள். பார்லரில் முடி எடுக்கிற லேசருக்குக் காசு கொடுக்காதீர்கள். நம் நிறத் தோலில், நிறம் தரும் மெலனினும் லேசர் ஒளியை உறிஞ்சும். சக்தியைக் குறைத்து, குளிரூட்டி அடிக்காவிட்டால் தழும்பு மிஞ்சலாம். அடித்த இடம் ஒன்றிரண்டு வாரம் கன்றிப்போய்க் கறுத்திருக்கும், பயப்பட வேண்டாம்.

மறு நெற்றிக்கோ மேல் இமைக்கோ ஏறியிருந்தால் லேசருக்கு முன் கண் அழுத்தம் பார்க்கவேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் அது இலவசம்.

காப்புறுதியில் 'பிறவிக் குறை', 'அழகு சிகிச்சை' இரண்டும் வழக்கமாக விலக்கப்பட்டிருக்கும். வைத்தியரின் கடிதத்தில் நோயின் பெயரை எழுதச்சொல்லி முதலிலேயே அனுப்புங்கள்.

முதல் தடவைக்கு முன் ஜன்னலோரம் ஒரு படம், நான்காவதுக்குப் பின் அதே வெளிச்சத்தில் இன்னொன்று எடுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால், வைத்தியரோடு பேசிவிட்டே ஐந்தாவதுக்குக் காசு கட்டுங்கள்.