கேலரிக்கு கேலரி ஓவியப் பரிமாற்றம்: எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும்?

கேள்வி: சிறிய கேலரி நடத்துகிறேன். வேறு நாட்டு நகரம் ஒன்றில் இருக்கும் கேலரி, ஒரு மாதத்துக்கு எங்கள் ஓவியங்களை அவர்கள் சுவரிலும் அவர்களுடையதை எங்கள் சுவரிலும் மாட்டலாம் என்கிறது. வாடகை கிடையாது. தெரிந்தவர்கள்தான். இதற்குப் போய் ஒப்பந்தம் வேண்டுமா?

பதில்: வேண்டும். இந்த விஷயத்தில் நான் பார்த்த சண்டைகள் எல்லாமே தெரிந்தவர்களுக்குள் வந்தவைதான், அதுவும் பெட்டியைத் திறக்கும் நேரத்தில்.

யோசனை நல்லதுதான். 2016இல் லண்டனில் தொடங்கிய 'காண்டோ' என்ற கேலரிக் கூட்டு முயற்சியும் இதே வழிதான்: உள்ளூர் கேலரிகள் வெளியூர் கேலரிகளுக்குத் தங்கள் இடத்தைப் பகிர்ந்து கொடுத்தன. ஆனால் வாடகையில் மிச்சமாகும் பணம் பேக்கிங்கிலும் இன்ஷூரன்ஸிலும் போய்விடும். அதை யார் கட்டுவது என்று முதல் மெயிலிலேயே பேசிவிடுங்கள்.

முக்கியமானது, ஓவியத்தின் நிலைமை அறிக்கை, அதாவது படம் எந்த நிலையில் இருக்கிறது என்ற போட்டோவோடு கூடிய பதிவு. ஒருமுறை எனக்குத் திரும்பி வந்த ஒரு பிரேமின் கீழ் மூலையில் நகத்தளவு சில்லு பெயர்ந்திருந்தது. 'வரும்போதே இப்படித்தான் இருந்தது' என்றார்கள். என்னிடம் இருந்தது முழு ஓவியத்தின் ஒரே ஒரு போட்டோ, மூலை தெரியவில்லை. செலவு என் தலையில். அதன்பிறகு நான்கு மூலைகள், பின்புறம், பக்கவாட்டில் விளக்கடித்து மேற்பரப்பு எனத் தனித்தனியாக எடுக்கிறேன். புறப்படும்போது, அங்கே திறக்கும்போது, அங்கே மூடும்போது, இங்கே திறக்கும்போது என நான்கு முறை, ஒவ்வொன்றிலும் கையெழுத்தோடு.

இன்ஷூரன்ஸ் பயணத்துக்கு மட்டும் போதாது. உங்கள் சுவரிலிருந்து கழற்றியது முதல் திரும்ப மாட்டும் வரை இருக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மதிப்பை முன்பே எழுதிக்கொள்ளுங்கள். உடைந்த பிறகு விலை பேசுவது இருவருக்கும் கசப்பு.

பேக்கிங்கில் பலர் செய்யும் தவறு, குமிழ் பிளாஸ்டிக்கை நேராகப் படத்தின் மேல் சுற்றுவது. வட்ட வட்டமாகத் தடம் பதிந்துவிடும். முதலில் அமிலமில்லாத காகிதம், அப்புறம்தான் குமிழ். கண்ணாடிப் பிரேம் என்றால் கண்ணாடி மேல் குறுக்கும் நெடுக்குமாக மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். உடைந்தாலும் சில்லு படத்தைக் கிழிக்காது. கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் என்றால் ஒட்டாதீர்கள். மரப்பெட்டி நாடு விட்டு நாடு போவதால், பூச்சி பரவாமலிருக்க வெப்பப்படுத்திய மரம் வேண்டும், 56 டிகிரியில் 30 நிமிடம், முத்திரையோடு. பிளைவுட்டுக்கு இந்த விதி இல்லை.

சுங்கம்: இரு நாடுகளும் ஏற்றிருந்தால் ஏடிஏ கார்னெட் என்ற தற்காலிகச் சுங்க ஆவணம் எடுக்கலாம். அதிகபட்சம் ஓராண்டு செல்லும். வரி கட்டாமல் போய்த் திரும்பலாம். ஆனால் அது 'திரும்பி வரும்' பொருளுக்கானது. விற்கும் எண்ணம் இருந்தால் அந்த வழியில் போகாதீர்கள், சுங்க ஏஜெண்டிடம் முன்பே சொல்லிவிடுங்கள். விற்பனை என்றதும் கமிஷன் வரும். ஓவியரின் பங்கைத் தொடாமல், கேலரிப் பங்கை மட்டும் இருவரும் பிரித்துக்கொள்வது நியாயம் என்பது என் கருத்து. பணத்தை எத்தனை நாளில் அனுப்புவார்கள் என்ற தேதியும் ஒப்பந்தத்தில் வேண்டும்.

காகிதத்தில் வரைந்தவை இருந்தால் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம் என்று எழுதுங்கள். பெட்டி வந்ததும் உடனே திறக்க வேண்டாம். ஒரு நாள் அறையிலேயே இருக்கட்டும். பெட்டியும் உள்ளே உள்ள நுரையும் திரும்பும் பயணத்துக்கும் வேண்டும். எண் போட்டு, உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கிடைத்த அட்டைப்பெட்டியில் படம் திரும்பி வரும்.