இத்தாலியக் கிராமக் குடும்பங்களில் உண்மையில் அம்மாதான் அரசியா?

இந்தக் கேள்வியை இரண்டு நாளாகத் திறந்து திறந்து மூடினேன். "வெளியே ஆண் தலைவன், உள்ளே அம்மாதான் அரசி என்கிறார்களே, இத்தாலியக் கிராமங்களில் அது உண்மையா? வேலைகள் எப்படிப் பிரிந்திருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால், அப்படியொரு வீட்டுக்கு மருமகளாகப் போகும் பேச்சு உங்களுக்கு நடக்கிறது என்று எனக்குப் படுகிறது. தவறென்றால் மன்னியுங்கள். அப்படி நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், தங்கச்சி.

நான் யாழ்ப்பாணத்தாள். 1998 முதல் இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தில் இருக்கிறேன். 2004 முதல் 2010 வரை, நகரத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் மேலே ஏறிப் போனால் வரும் மடோனியே மலையில், ஓர் ஊரில், முதிய பெண் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். அந்த வேலை செய்பவளை அங்கே 'பதாந்தே' என்பார்கள். அவர் வீட்டிலேயே தங்கி, சமைத்து, குளிப்பாட்டி, இரவில் எழுந்து பார்த்து, ஆறு வருடம் ஒரு குடும்பத்தின் உள்ளே இருந்தவள் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். சிசிலியின் ஒரு மலையூரை வைத்து இத்தாலி முழுவதையும் அளக்கிறாள் என்று யாராவது எழுத வருவார்கள். அவர்களுக்கும் கீழே பதில் வைத்திருக்கிறேன்.

நான் பார்த்துக்கொண்ட அந்த அம்மா 1922இல் பிறந்தவர். 1984இல் கணவர் இறந்த நாள் முதல் கறுப்பு உடையைத் தவிர வேறு எதையும் உடுத்தவில்லை. இடுப்பில் எப்போதும் ஒரு திறப்புக் கோர்வை இருக்கும். தமிழ்நாட்டில் நீங்கள் சாவிக்கொத்து என்பீர்கள். சாமான் அறை, எண்ணெய்ச் சாடிகள் இருக்கும் நிலவறை, துணிப்பெட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். கார்த்திகையில் ஒலிவ எண்ணெய் பிழிந்து வந்தால், எந்த மகன் வீட்டுக்கு எத்தனை போத்தல் என்று அவரே அளந்து கொடுப்பார். ஐம்பது வயதைத் தாண்டிய மகன்கள் அவர் முன்னால் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வயதில் மூத்தவரை 'வொஸ்ஸியா' என்று அழைப்பது அங்கே பழைய வழக்கம். நம்முடைய 'நீங்கள்' என்பதைவிட ஒரு படி கூடுதல் மரியாதை. தன் மாமியாரை அவர் சாகும்வரை 'வொஸ்ஸியா' என்றே அழைத்ததாகச் சொன்னார். கண்ணூறு கழிப்பதிலும் அவர் பெயர் பெற்றவர். தட்டில் நீர் ஊற்றி, அதில் எண்ணெய்த் துளி விட்டு, அது பரவுகிறதா என்று பார்த்து முணுமுணுப்பார். அந்த மந்திரத்தை நத்தார், அதாவது கிறிஸ்மஸ், இரவில் மட்டும்தான் இன்னொருத்திக்குச் சொல்லிக் கொடுக்கலாம். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்ட என் அம்மம்மாவின் முகம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

ஆகஸ்ட் மாதம் தக்காளி காய்ச்சும் நாளைப் பார்த்திருந்தால் நீங்களும் 'அரசி' என்றுதான் சொல்லியிருப்பீர்கள். காய்ச்சிய சாற்றை மரப்பலகைகளில் தடவி, உப்புப் போட்டு, வெயிலில் நாள் கணக்கில் கிளறிக் கிளறிக் கெட்டியாக்குவார்கள். 'ஸ்த்ராத்து' என்று பெயர். பெட்டிகளைத் தூக்குவதும் அடுப்பு மூட்டுவதும் ஆண்களின் வேலை. அது முடிந்ததும் அவர்கள் சதுக்கத்துக்குப் போய்விடுவார்கள். கழுவுவது, வெட்டுவது, அரைப்பது, கிளறுவது, போத்தல்களைத் துணி சுற்றி அவிப்பது எல்லாம் பெண்கள். பொழுது சாயும்வரை. அவர் கதிரையில் இருந்தபடி எல்லாரையும் ஏவுவார், ஒருவரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

ஆனால் சதுக்கம் இருக்கிறதே, அது ஆண்களுடையது. ஆறு வருடத்தில், கோயிலுக்குப் போவதற்குத் தவிர அவர் அந்தச் சதுக்கத்தைக் கடந்து நான் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துச் சந்தால்தான் வருவார். மாலையில் வயதான பெண்கள் வாசலில் கதிரை போட்டு உட்காரும்போது, முதுகைத் தெருவுக்குக் காட்டி முகத்தை வீட்டுப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரு எங்களைப் பார்க்கும்" என்றார்.

இனி, நான் எழுத வந்த விஷயம்.

ஒரு மாரிகாலம், வெளியே பனி கொட்டி மின்சாரம் போன இரவு. துணிப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். அவருடைய 'கொர்ரேதோ' அதற்குள் இருந்தது. கல்யாணத்துக்குப் பெண் கொண்டுவரும் துணிச்சீர். விரிப்புகள், துவாய்கள், இரவு உடைகள் எல்லாம் பன்னிரண்டு பன்னிரண்டாக, ஒவ்வொன்றிலும் அவர் பெயரின் முதல் எழுத்து நூலால் தைத்தது. ஒன்பது வயதில் தைக்கத் தொடங்கியதாம். பாதிக்கு மேல் மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதைத் தடவிக்கொண்டே, சமையல் குறிப்புச் சொல்வதுபோல ஒரு கதை சொன்னார்.

கல்யாணம் 1946இல். பிறந்த வீட்டு நகையை விற்று, அயலாருக்குத் தைத்துக் கொடுத்த கூலியையும் முட்டை விற்ற காசையும் சேர்த்து, ஐந்து வருடத்தில் ஒரு சிறிய ஒலிவத் தோட்டம் வாங்கினார்கள். உறுதி, அதாவது பத்திரம், கணவர் பெயரில். 1961இல் கணவர் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனார். தெற்கு இத்தாலியின் ஆண்கள் ரயில் ரயிலாக அப்படிப் போன காலம் அது. இலையுதிர்காலத்தில் இவர் மகளைக் கூட்டிக்கொண்டு, கூடையோடு தோட்டத்துக்குப் போனபோது, மரத்தடியில் வேறொரு குடும்பம் வலை விரித்துக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தது. ஜெர்மனிக்குப் போவதற்கு முன் கணவர் அதை விற்றுவிட்டிருந்தார். இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சண்டை பிடிக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"யாரோடு, மகளே? அவர் ஜெர்மனியில். தோட்டம் அவருடையது. அவர் நல்ல மனுஷன், ஒருநாளும் என் மேல் கை வைத்ததில்லை" என்றார்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. சட்டப்படி அவர் சொன்னது சரி என்பதுதான் கொடுமை. சனிக்கிழமை தோறும் பலெர்மோவிலிருந்து வந்து தாயின் தலையைக் கழுவி விடும் மகள், பள்ளியில் வரலாறு படிப்பிப்பவர், எனக்கு விளக்கினார். அன்றைய சட்டத்தில் கணவன்தான் குடும்பத் தலைவன். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய சொத்து, யார் பெயரில் எழுதியதோ அவருக்கே. 1975இல் குடும்பச் சட்டத்தைத் திருத்தியபோதுதான் 'தலைவன்' என்பதை எடுத்தார்கள், சீதனம் என்ற சட்ட ஏற்பாட்டையும் நீக்கினார்கள், இருவரும் வேறுவிதமாகத் தீர்மானிக்காவிட்டால் சேர்த்த சொத்து இருவருக்கும் பொது என்றும் ஆக்கினார்கள். தோட்டம் போய்ப் பதினான்கு வருடம் கழித்து.

கணவர் ஜெர்மனியில் இருந்த ஏழு வருடமும் இவரே கோவேறு கழுதை விலை பேசினார், கூலியாளை வைத்தார், வரி கட்டினார். அப்படி விடப்பட்ட மனைவிகளை 'வெள்ளை விதவைகள்' என்பார்கள். 1968இல் கணவர் திரும்பி வந்த அன்று, இவர் மேசையின் தலைமாட்டுக் கதிரையைத் துடைத்து அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாராம். இதைச் சொல்லும்போது குரலில் வருத்தம் இல்லை. வருத்தம் எனக்கு.

ஒரேயொரு விஷயத்தை மட்டும் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். 1946 ஜூன் 2, மன்னராட்சியா குடியரசா என்று நாடு முழுக்க நடந்த வாக்கெடுப்பு, இத்தாலியப் பெண்கள் நாடளாவிய அளவில் வாக்களித்த முதல் நாள். சிசிலியில் பெரும்பான்மை மன்னருக்குத்தான் விழுந்தது. மாமனார் வீட்டுப் பெண்கள் எல்லாரையும் நிறுத்தி, மன்னரின் கிரீடச் சின்னத்தில் போடச் சொல்லி அனுப்பினார். வாக்குச்சீட்டில் குடியரசுக்கு ஒரு பெண்ணின் தலை சின்னம். "அந்தப் பெண்ணின் மேல்தான் போட்டேன். என் கணவருக்குக்கூடச் சொல்லவில்லை" என்றார். அறுபது வருடம் கழித்து, எங்கிருந்தோ வந்த என்னிடம் சொன்னார்.

இனி "இத்தாலி முழுக்க இப்படியா" என்பவர்களுக்கு. இல்லை. உள்நாட்டுச் சிசிலியில் மக்கள் மலைமேல் பெரிய ஊர்களில் நெருக்கமாக இருந்தார்கள், பெரும் பண்ணைகளின் கோதுமை வயல்கள் தூரத்தில், தாழ்நிலத்தில் மலேரியா. ஆண்கள் திங்கள் போய்ச் சனி வருவார்கள். பெண் கூலிக்கு வயலில் இறங்குவது வீட்டுக்கு அவமானம். கதிர் பொறுக்கவும் பாதாம், ஒலிவம் பொறுக்கவும் மட்டும் போவார்கள். நடு இத்தாலியில், தஸ்கனி, உம்பிரியா, மார்க்கே பக்கம் வேறு. அங்கே 'மெட்சாத்ரியா' என்று, நிலத்தைப் பங்குக்குப் பயிரிடும் முறை, விளைச்சலில் பாதி நிலக்காரனுக்கு. குடும்பம் வயல் நடுவிலேயே கூட்டாக இருக்கும். தலைவர் 'கப்போச்சா' வெளிக்கணக்கு, அவர் மனைவி 'மஸ்ஸாயா' கோழி, முயல், முட்டை, துணி, அடுப்பு. பெண்கள் வயலிலும் ஆண்களுக்குச் சமமாக முறிந்து உழைத்தார்கள். ஆனால் ஒரு குடும்பத்தில் எத்தனை உழைப்பு இருக்கிறது என்று கணக்கிடும்போது ஆண் 1, பெண் 0.6. அர்ரீகோ செர்ப்பியேரி என்ற வேளாண் பொருளியலாளர் வகுத்த அளவு அது. புதிதாக மெட்சாத்ரியா ஒப்பந்தம் எழுதுவதை 1964இல் தடை செய்தார்கள். வடக்கே வெர்செல்லியின் நெல்வயல்களில் முழங்கால் நீரில் குனிந்து களை பிடுங்கிய பெண்கள், 'மொந்தீனே', எட்டு மணி நேர வேலைக்காகப் போராடி 20ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டிலேயே வென்றவர்கள். நெல் நாற்று நட்ட கைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான், அவர்கள் முதுகு எனக்குத் தெரியும்.

ஆண்களை வேண்டுமென்றே குறை சொல்கிறாள் என்பவர்களுக்கும் ஒன்று. அதே சிசிலியில் அல்காமோ ஊரில், 1965 டிசம்பரில் பிராங்கா வியோலா என்ற பதினேழு வயதுப் பெண்ணைக் கடத்திக்கொண்டு போனார்கள். கெடுத்தவனையே கட்டிக்கொண்டால் அவன் குற்றம் அழிந்துவிடும் என்பது அன்றைய சட்டம். ஊர் வழக்கமும் அதுதான். அவள் மாட்டேன் என்றாள். அவள் தகப்பன், ஒரு சாதாரண விவசாயி, அவள் பக்கம் நின்றார். அவருடைய திராட்சைத் தோட்டத்தை எரித்தார்கள், அப்போதும் நின்றார். கடத்தியவனுக்கு 11 வருடச் சிறை விழுந்தது. அந்தச் சட்டப் பிரிவு 1981இல்தான் போனது. அந்தத் தகப்பனை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. "கிழவிக்குக் கால் கழுவத்தானே இத்தாலிக்குப் போனாள்" என்று என் சொந்தக்காரர்களே பேசினார்கள். அந்தக் காசில்தான் தம்பிக்குக் கல்வீடு எழும்பியது. காணி உறுதியில் என் பெயர் இல்லை. பலெர்மோவில் எங்கள் ஆண்கள் பலரும் வீட்டு வேலைதான் செய்கிறார்கள். என் கணவரும் ஒரு குடும்பத்துக்குச் சமைத்துக் கொடுத்து, அவர்கள் சட்டைகளை மினுக்கியும், அதாவது இஸ்திரி போட்டும், கொடுத்தார். எங்கள் வீட்டில் ஒரு தேநீர் போட்டதில்லை. உழைப்பு கேவலமா, அல்லது சம்பளம் இல்லாமல் செய்தால் மட்டும்தான் அது பெண்ணுக்குப் பெருமையா? இன்றுவரை எனக்கு விடை சொன்னவர் இல்லை.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான எங்கள் தேசவழமையில் சீதனக் காணி பெண்ணின் பெயரில் இருக்கும், அதைப் பெருமையாகச் சொல்வோம். ஆனால் கணவன் எழுத்தில் சம்மதம் தராமல் அவளால் அதை விற்க முடியாது. இத்தாலியிலும் அப்படியொரு 'கணவன் அனுமதி' இருந்ததாம். 1919இலேயே எடுத்துவிட்டார்கள். மகள் இதைச் சொன்னபோது, அவர் தாய்க்காக அழுத நான் எனக்காகவும் கொஞ்சம் அழுதேன்.

இப்போது எப்படி என்றால், இளம் பெண்கள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், சதுக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். ஆனால் வயதானவரைப் பார்ப்பது பெண்ணின் வேலை என்பது அப்படியே இருக்கிறது. அவருக்கு முடியாமல் போனபோது மகன்களிடம் யாரும் கேட்கக்கூட இல்லை. மகளால் வேலையை விட முடியவில்லை, அதனால் நான் வந்தேன். முடியாதவர்களுக்கு அரசு தரும் மாதத் தொகையோடு மகள் தன் சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்து எனக்குத் தந்தார். மகன்கள் ஞாயிறு வந்து, நெற்றியில் முத்தமிட்டு, சாப்பிட்டு, கண் கலங்கிப் போவார்கள். அன்பில்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே, தங்கச்சி, மாமியார் உங்களை எப்படி நடத்துவார் என்று கேட்காதீர்கள். திறப்புக் கோர்வையை ஒருநாள் உங்களிடமே தருவார். கல்யாணத்தன்று கோயிலிலோ நகரசபையிலோ சட்டப் பிரிவுகளை வாசித்து முடித்ததும், சொத்து பொதுவா தனித்தனியா என்று ஒரு கையெழுத்துக் கேட்பார்கள். எல்லாரும் அவசரத்தில் இருப்பார்கள். உங்களுக்குச் சொந்தச் சம்பளம் இருந்தால் தனித்தனி பரவாயில்லை. அவர்கள் தோட்டத்திலும் அடுப்படியிலும் உழைக்கப் போகிறீர்கள் என்றால், தனித்தனி என்று யோசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குடும்பத் தொழிலில் உழைப்பவருக்கு வருமானத்தில் பங்கு உண்டு, பெண்ணின் உழைப்பு ஆணின் உழைப்புக்குச் சமம் என்று 1975ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த 0.6ஐ அழித்த வரி. அதை முன்கூட்டியே ஒரு நோட்டரியிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மொழி தடையாக இருந்தால், எந்தப் பக்கத்து ஊர் என்று கீழே எழுதுங்கள். கூட வந்து பேசக்கூடிய நம் பெண்கள் அங்கே இருக்கிறார்களா என்று விசாரித்துச் சொல்கிறேன்.